தொலைவூர்க் கடையில் பவர் மெஷின் வாங்கலாமா? மதுரை, திருப்பூர், டெல்லி: ஓர் ஒப்பீடு

முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் போன வாரம் என் கடைக்கு வந்தாள். எட்டு வருடமாகக் கால்மெஷினில் ரவிக்கை தைக்கிறவள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர் கிடைக்கும் போலிருக்கிறது. மோட்டாரில் ஓடும் ஒற்றை ஊசிப் பவர் மெஷின் ஒன்றும், துணியின் ஓரத்தை வெட்டிப் பின்னித் தைக்கும் ஓவர்லாக் ஒன்றும் வாங்க வேண்டும். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது, அதுவும் நகையை வைத்துப் புரட்டியது. "அக்கா, மதுரையில ஒரு விலை சொல்றாங்க. திருப்பூர்ல போன்ல கேட்டேன், அதே மெஷின் மூவாயிரம் கம்மி. டெல்லியில இருந்து ஒருத்தர் வாட்ஸப்ல போட்டோ அனுப்பியிருக்காரு, அது இன்னும் ஐயாயிரம் கம்மி. எங்க எடுக்கட்டும்?" என்றாள்.

நான் பரமக்குடியில் நான்கு மெஷின் போட்டு ரவிக்கை, நைட்டி, சீருடை தைக்கிறேன். நான்கில் இரண்டு மதுரையில் வாங்கியவை, இரண்டு தூரத்திலிருந்து லாரியில் வந்தவை. இரண்டு வழியும் எனக்குத் தெரியும். அன்று அவளிடம் பேசியதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

அவளிடம் நான் முதலில் கேட்டது, "மெஷின் நின்னா உங்க ஊருக்கு யார் வருவா?" என்பதைத்தான். அவளிடம் பதில் இல்லை. கால்மெஷின் நின்றால் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் ஸ்குரூடிரைவரோடு வந்து பத்து நிமிடத்தில் ஓட வைத்துவிடுவார். பவர் மெஷினில் அவர் கை வைக்கமாட்டார். எண்ணெய் தானாகப் பம்ப் ஆகி மேலே ஏறுகிற ஹெட் (டேபிள்மேல் உட்காருகிற மெஷின்), ஊசியும் அடிநூலைப் பிடிக்கும் சட்டிலும் ஒத்து ஓடுகிற சட்டில் டைமிங், மோட்டார், மோட்டாரை நடத்துகிற போர்டு எல்லாம் வேறு பழக்கம் கேட்கிற வேலைகள். அந்தப் பழக்கம் உள்ள ஆள் உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு விலைப் பேச்சுக்குப் போங்கள்.

திருப்பூரில் இருக்கிறவர்களிடம் யோசனை கேட்டால், "எங்க வாங்கினாலும் ஒண்ணுதான், விலை எங்க கம்மியோ அங்க எடு" என்பார்கள். அவர்களுக்கு அது சரிதான். ஜட்டி, பனியன் தைக்கிற பவர் டேபிள்காரர்கள் நிறைந்த ஊர் அது. காலையில் மெஷின் நின்றால் டீ குடித்து முடிப்பதற்குள் மெக்கானிக் வந்துவிடுவார். அடிநூல் மாட்டும் பாபின் கேஸ், துணியை அடியிலிருந்து தள்ளும் பல், ஊசி இறங்கும் துளையுள்ள நீடில் பிளேட் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும். அந்த வசதி அந்த ஊரோடு வந்தது, மெஷினோடு லாரி ஏறி நம் ஊருக்கு வராது.

என் முதல் பவர் மெஷினை நான் வெளியூர்க் கடையில்தான் வாங்கினேன். போனில் பேசினேன், பணம் அனுப்பினேன், நான்காம் நாள் லாரி ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. மாட்டி ஓட்டினால் பாப்ளின் துணியில் தையலின் இரண்டு பக்கமும் பல் தடம் விழுந்தது. மெல்லிய நைட்டித் துணியின் ஓரம் ஊசித் துளைக்குள் இழுபட்டுச் சுருண்டது. கடைக்குப் பேசினால், "டென்ஷனை லூஸ் பண்ணிப் பாருங்க மேடம்" என்றார்கள். பண்ணினேன். ஊசியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். நூலை மாற்றச் சொன்னார்கள். இப்படிப் பதினோரு நாள் போனது. மே மாதக் கடைசி, பள்ளி திறக்கப் போகிறது, வெட்டி வைத்த சீருடைத் துணி மூட்டையாகக் கிடக்கிறது. கடைசியில் மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக்கை பஸ் காசும் கூலியும் கொடுத்து வரவழைத்தேன். அவர் ஐந்து நிமிடம் பார்த்தார். "அக்கா, மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. இது ஹெவி பல்லு. ஜீன்ஸ், பை தைக்க வர்ற செட்டு" என்றார்.

விஷயம் இதுதான். ஒரே மாடலில் மெல்லிய துணிக்கு ஒன்று, கனத்த துணிக்கு ஒன்று என்று இரண்டு வகை வரும். கனத்த துணிக்கு வருவதன் மாடல் எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் 'எச்' என்ற எழுத்து இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எச் வகையில் பல் கரடுமுரடாக இருக்கும், நீடில் பிளேட்டில் துளை பெரிதாக இருக்கும், தையல் நீளமும் கூடுதலாக வைக்கலாம். தார்ப்பாய்க்கு அது வரம், ரவிக்கைத் துணிக்கு ஆகாது. மெக்கானிக் அடுத்த நாள் பல், பிளேட், துணியை மேலிருந்து அழுத்தும் ஃபுட் மூன்றையும் கொண்டுவந்து மாற்றிக் கொடுத்தார். அந்த மெஷின் இன்றும் என் கடையில் நன்றாக ஓடுகிறது.

வெளியூரில் வாங்கியதால் எனக்கு மிச்சமானது 2,500 ரூபாய். லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, ஆட்டோ சேர்ந்து 1,400. மெக்கானிக் கூலியும் சாமானும் மிச்சப் பணத்தைத் தாண்டிவிட்டன. பதினோரு நாள் தைக்காமல் போன சீருடைகளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். நான் என்ன துணி தைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேரில் போயிருந்தால் என் துணியை வைத்து ஓட்டிப் பார்த்திருப்பேன்.

இனி அவளுக்கு முன்னால் இருந்த வழிகளைப் பார்ப்போம்.

உள்ளூர் டவுனில் தையல் சாமான் கடைக்காரரிடம் சொன்னால் அவரும் பவர் மெஷின் தருவிப்பார். அவர் மதுரையில் எடுத்துத் தன் லாபத்தை வைத்து விற்பார், மெக்கானிக் அவரிடமும் கிடையாது. மதுரைக்கே போய்விடலாம்.

பரமக்குடியிலிருந்து மதுரை பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள். நேரில் போய்த் துணியை வைத்துத் தைத்துப் பார்க்கலாம். கடையோடு சேர்ந்த மெக்கானிக் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். மெஷினை மாட்டிக்கொடுக்க முதல் தடவை வருவது பெரும்பாலும் இலவசம். அதன் பிறகு கூப்பிட்டால் கூலி உண்டு, ஆனால் அன்றோ மறுநாளோ வருவார்கள். குறை என்னவென்றால், மாடல்கள் அதிகம் இருக்காது. கடையில் இருப்பதையே "இதுதான் பெஸ்ட்" என்று கையில் திணிக்கப் பார்ப்பார்கள். விலையும் இரண்டு மூன்று ஆயிரம் கூடுதல். இன்னொன்று, மதுரையிலிருந்து மெக்கானிக் வருவார் என்பதை வாய்ப்பேச்சாக விடக்கூடாது. "முதுகுளத்தூருக்கு வருவீங்களா, எவ்வளவு வாங்குவீங்க?" என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். மதுரை நகரத்துக்குள் மட்டும் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

திருப்பூர் என்றால் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் தாண்டிப் போக வேண்டும். போய்வர ஒரு நாள் முழுக்க ஆகும். ஆனால் அங்கே தேர்ந்தெடுக்க இருப்பது வேறெங்கும் இல்லை. ஒரே தெருவில் நான்கு பிராண்டையும் ஓட்டிப் பார்க்கலாம். தினம் பவர் மெஷின் விற்கிறவர்கள் என்பதால் "பாப்ளினும் டெரிகாட்டனும் தைக்கிறேன்" என்று சொன்னாலே அதற்கேற்ற பல் செட் போட்டுத் தருவார்கள். உதிரிச் சாமானை மறுநாள் கூரியரில் போட்டுவிடுவார்கள். ஆள்தான் வரமாட்டார். போர்டு போனால் நீங்களே கழற்றி அனுப்ப வேண்டும், அது திரும்பி வரும்வரை மெஷின் சும்மா கிடக்கும். வாரன்டி என்று சொல்வது பொதுவாக மோட்டாருக்கும் போர்டுக்கும்தான். அதையும் யார் செலவில் அனுப்புவது என்று வாங்கும்போதே பேசிவிட வேண்டும்.

டெல்லி விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, வேண்டாம். வாட்ஸப்பில் வருவது அந்த மெஷினின் போட்டோவா, கம்பெனிக் கையேட்டில் இருக்கிற போட்டோவா என்று தெரியாது. ஜூகி என்ற கம்பெனியின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டிய போலி ஹெட்டுகள் உண்டு. மொழி தெரிந்தவர்கள், அங்கே வியாபாரத் தொடர்பு உள்ளவர்கள் வாங்கலாம். நகையை வைத்துப் பணம் கொண்டுவந்த ஒரு பெண், முன்பின் தெரியாத ஒருவருக்கு முழுத் தொகையையும் முன்னால் அனுப்பக்கூடாது.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்குள் எந்த மெஷின் என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. தூரத்தில் வாங்கினால் அது இன்னும் முக்கியமாகிவிடும்.

மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் தைத்தாலும் துணியை மடித்துக்கொண்டிருந்தாலும் கரண்ட் போகும், சத்தமும் வரும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும். வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். கால்மெஷினிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. இந்த சர்வோ இரண்டு விதமாக வரும். ஒன்று, டேபிளுக்கு அடியில் தனியாக மாட்டி பெல்ட்டால் ஹெட்டோடு இணைப்பது. இன்னொன்று டைரக்ட் டிரைவ், ஹெட்டின் தண்டிலேயே மோட்டார் உட்கார்ந்திருக்கும், பெல்ட் கிடையாது. இன்று கடையில் முன்னால் நிற்பவை எல்லாம் இரண்டாவது வகைதான். ஜாக் கம்பெனியின் எஃப்4 அப்படித்தான்.

டைரக்ட் டிரைவ் அமைதியாக ஓடும், இடம் அடைக்காது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் போர்டு அந்த மாடலுக்கென்று வருவது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலமானால் வோல்டேஜ் எப்படி ஏறி இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். போர்டு போய்விட்டால் அதே போர்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். பெல்ட் மோட்டாரில் அந்தக் கஷ்டம் இல்லை. சர்வோ போனால் எந்தக் கம்பெனி சர்வோவையும் மாட்டலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் யாரிடமாவது மூலையில் கிடக்கும் கிளட்ச் மோட்டாரை வாங்கி மாட்டி அன்றைய வேலையை முடித்துவிடலாம். ஜூகி டிடிஎல்-8700 போன்ற பழகிய ஹெட்டில் தனி சர்வோ போட்டுக்கொள்வது பழைய பாணிதான். மெக்கானிக் தூரத்தில் இருக்கும் ஊருக்கு அது நல்ல துணை. அதற்குச் சாமான் கிடைக்காத ஊர் இல்லை, அதைக் கழற்றிப் பழகாத மெக்கானிக்கும் இல்லை. டைரக்ட் டிரைவ்தான் வேண்டும் என்றால் ஒரு ஸ்டெபிலைசரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஜூகி டிடிஎல்-8700 நிமிடத்துக்கு 5,500 தையல் போடும், அதே கம்பெனியின் டிடிஎல்-8100இ 4,500 போடும் என்று எழுதியிருப்பார்கள். ரவிக்கையில் கை வளைவும் கழுத்தும் தைக்கும்போது அந்த வேகத்தை ஒருநாளும் தொடமாட்டோம்.

ஓவர்லாக் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒற்றை ஊசி மெஷின் லாரியில் குலுங்கி வந்தாலும் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஓவர்லாக்கில் நூலை வளையமாகப் பின்னுகிற லூப்பர்கள், மேலும் கீழும் இரண்டு கத்தி, மூன்றோ ஐந்தோ நூல். ஒன்று இம்மி நகர்ந்தாலும் தையல் விடும், நூல் அறும். அதைச் சரிசெய்வது போனில் கேட்டுக் கற்கிற வேலை கிடையாது. எனக்கே மூன்று வருடம் கழித்துத்தான் லூப்பரில் கை வைக்கத் துணிவு வந்தது. முதல் ஓவர்லாக்கை, வந்து மாட்டி, உங்கள் துணியில் ஓட்டிக் காட்டி, நூல் கோப்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிற ஆளிடம் வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் பற்றி அவள் கேட்கவில்லை, நான் சொன்னேன். திருப்பூரில் கம்பெனிகள் மெஷினை மாற்றும்போது பழையவை பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். நல்ல மெஷின்களும் அதில் உண்டு. ஆனால் நேரில் போக வேண்டும், கூடவே விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். கை வீலைச் சுற்றினால் எங்கும் பிடிக்கக்கூடாது, ஊசிக்கம்பியைப் பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது, எண்ணெய்க் கண்ணாடியில் ஓடும்போது எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். புது பெயின்ட் அடித்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். போட்டோ பார்த்து லாரியில் தருவிக்கிற பொருள் இது கிடையாது.

சரி, எல்லாம் யோசித்துத் தூரத்தில்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் எப்படி வாங்குவது?

நீங்கள் தைக்கிற துணியில் ஒரு முழத் துண்டைக் கூரியரில் அனுப்புங்கள். "இதுல தைச்சு வீடியோ அனுப்புங்க, அந்த மெஷினையே பேக் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். எனக்கு இரண்டாவது மெஷின் அப்படித்தான் வந்தது, ஒரு குறையும் இல்லை. கோட்டேஷனில் ஹெட், மோட்டார், டேபிள், ஸ்டாண்டு நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஹெட் விலையை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மாடல் எண் முழுதாக, கடைசி எழுத்துவரை இருக்க வேண்டும். கடையின் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், கடைப் பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பணத்தைக் கடையின் கணக்குக்கு அனுப்புங்கள், தனி ஆளின் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். முதலில் கொஞ்சம் அட்வான்ஸ், லாரி ரசீதின் போட்டோ வந்ததும் மீதி என்று பேசிப் பாருங்கள். பல கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கூடவே ஊசி வாங்க மறக்காதீர்கள். கால்மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மெஷினுக்கு டிபி×1 என்ற உருண்டைத் தலை ஊசி. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் அது கிடைக்காது. 11, 14, 16 நம்பர்களில் சில பாக்கெட், பத்துப் பாபின், கூடுதலாக ஒரு பாபின் கேஸ், ஒரு கேன் எண்ணெய் எல்லாம் மெஷினோடு ஒரே பார்சலில் வந்துவிடட்டும்.

லாரி ஆபீசில் பெட்டி நசுங்கியிருந்தால் அதை ரசீதில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்கள். ஹெட்டைக் கை வீலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் எண்ணெய். புது மெஷின் எண்ணெய் இல்லாமல்தான் வரும். தொட்டியில் மேல்கோடுவரை ஊற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஆசையில் காய்ந்த மெஷினை ஓட்டி, அரை மணி நேரத்தில் சட்டிலைக் கெடுத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். முதல் சில வாரம் வேகத்தைக் குறைத்தே வையுங்கள்.

இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன், அவள் முகம் தெளிந்தது அதைக் கேட்டபிறகுதான். வெளியூரில் வாங்கிப் பிரச்சினை வந்தால் அந்த ஊருக்கே போய் வழக்குப் போட வேண்டும் என்று நினைக்கிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். தொழிலுக்கு வாங்கியது ஆயிற்றே என்ற பயமும் வேண்டாம். சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம். ஆனால் இதற்கெல்லாம் பில் வேண்டும். "பில் இல்லாம எடுத்தா இன்னும் குறைச்சுத் தர்றேன்" என்கிற கடையில் வாங்கினால் கையில் ஒன்றும் இருக்காது.

கடைசியில் அவளுக்கு நான் சொன்ன முடிவு இது. ஓவர்லாக்கை மதுரையில் எடு, மூவாயிரம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒற்றை ஊசி மெஷினையும் முதல் மெஷின் என்பதால் அங்கேயே எடு, இரண்டு மெஷின் சேர்ந்து எடுக்கும்போது விலையைக் குறைத்துக் கேட்கலாம், மெக்கானிக்கும் ஒரே நடையில் இரண்டையும் மாட்டிவிடுவார். ஆறு மாதம் ஓட்டி, எண்ணெய் மாற்றி, பல் கழற்றித் துடைத்து, சட்டிலைப் பார்த்துப் பழகிவிட்டால் அடுத்த மெஷினைத் திருப்பூரில் எடுக்கலாம். அப்போது அந்த மூவாயிரம் உண்மையிலேயே உன் கையில் மிஞ்சும்.

நாங்கள் இருவரும் புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம். சீருடைத் துணியில் ஒரு மீட்டரும் ரவிக்கைத் துண்டு இரண்டும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.